காத்தாடி விமானத்தை ஓட்ட விமானிகள் எப்படிப் பழகுகிறார்கள்? சிமுலேட்டருக்குள் நடப்பது என்ன?

சென்னையிலிருந்து சேலத்துக்கோ தூத்துக்குடிக்கோ விமானத்தில் போயிருக்கிறீர்களா? அப்படியென்றால் இந்த விமானம் உங்களுக்குப் பழக்கமானதுதான். ஏரோபிரிட்ஜ் கிடையாது. வால் பக்கத்துக் கதவு வழியாகச் சில படிகள் ஏறி உள்ளே போக வேண்டும். இறக்கை உங்கள் ஜன்னலுக்கு மேலே இருக்கும். அதில் ஆறு இறகுகளோடு பெரிய காத்தாடி ஒன்று. 'என்னங்க இது, பழைய விமானமா?' என்று பக்கத்து சீட்டில் யாராவது கேட்டிருப்பார்கள்.

பழசெல்லாம் இல்லை. அது ஏடிஆர் 72-600. பிரான்ஸின் துலூஸ் நகரில் தயாராகும் டர்போபிராப் விமானம். இண்டிகோ 2017 இறுதியில் இதைப் பறக்கவிடத் தொடங்கியது. அலையன்ஸ் ஏர் நிறுவனத்திடமும், கோவாவைத் தளமாகக் கொண்டு 2024-ல் பறக்கத் தொடங்கிய ஃப்ளை91 நிறுவனத்திடமும் இருப்பது ஏடிஆர்தான். சின்ன ஊர்களுக்கு விமான சேவை தரும் உடான் திட்டத்தில் ஏடிஆருக்குப் பெரிய பங்கு உண்டு.

பெரிய ஜெட் விமானத்தை ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓட்டிய கேப்டன்கூட, நாளைக்கே வந்து இந்தக் காத்தாடி விமானத்தை ஓட்டிவிட முடியாது. சட்டம் அனுமதிக்காது. அந்த வகை விமானத்துக்கென்று தனியாகப் பயிற்சி எடுத்து, தேர்வில் தேறி, லைசன்ஸில் பதிவு வாங்க வேண்டும். இதற்கு 'டைப் ரேட்டிங்' என்று பெயர். அந்தப் பயிற்சியில் பெரும்பகுதி, தரையைவிட்டு ஒரு அடிகூடப் பறக்காத ஒரு பெட்டிக்குள்தான் நடக்கிறது. அங்கே என்ன சொல்லித் தருகிறார்கள், அது சரியாக நடக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பார்ப்போம்.

முதலில், டர்போபிராப் என்றால் என்ன?

ஜெட்டிலும் டர்போபிராப்பிலும் இன்ஜினின் உள்பகுதி ஏறக்குறைய ஒன்றுதான். காற்றை இழுத்து, அழுத்தி, எரிபொருளோடு எரித்து, டர்பைனைச் சுழற்றுவது. அந்தச் சக்தியை ஜெட் தன் விசிறியைச் சுழற்றவும் காற்றைப் பின்னால் பீய்ச்சவும் பயன்படுத்துகிறது. டர்போபிராப், கியர்பாக்ஸ் வழியாக வெளியே இருக்கும் புரொப்பெல்லரைச் சுழற்றுகிறது.

ஏடிஆரின் வேகம் மணிக்குச் சுமார் 500 கி.மீ.தான். 25,000 அடிக்கு மேல் போகாது. ஆனால் குறைந்த தூரப் பயணத்துக்கு எரிபொருள் செலவு குறைவு, சின்ன ரன்வே போதும். அதனால்தான் சின்ன ஊர் விமான நிலையங்களில் இதை அதிகம் பார்க்கிறீர்கள்.

ஜெட் ஓட்டத் தெரிஞ்சா இது தெரியாதா?

அடிப்படை தெரியும். ஆனால் கையும் காலும் புதிதாகப் பழக வேண்டியது நிறைய.

முதலாவது, லீவர்கள். ஜெட்டில் ஒரு இன்ஜினுக்கு ஒரு த்ரஸ்ட் லீவர். ஏடிஆரில் ஒரு இன்ஜினுக்கு இரண்டு: பவர் லீவர், கண்டிஷன் லீவர். முதலாவது எவ்வளவு சக்தி வேண்டும் என்று சொல்கிறது. இரண்டாவது புரொப்பெல்லரையும் எரிபொருளையும் கட்டுப்படுத்துகிறது. கண்டிஷன் லீவரைப் பின்னால் இழுத்தால் புரொப்பெல்லர் இறகுகள் திரும்பி, கத்தியின் முனைபோலக் காற்றைப் பார்த்து நிற்கும். இதற்கு 'ஃபெதர்' என்று பெயர். இன்ஜின் செயலிழந்தால் இது அவசியம். இல்லாவிட்டால் நின்றுபோன இன்ஜினின் புரொப்பெல்லர், ஓடும் வண்டியிலிருந்து வெளியே நீட்டிய பலகைபோலக் காற்றைத் தடுத்து விமானத்தை இழுக்கும். ஆனால் நல்ல இன்ஜினை ஃபெதர் செய்துவிட்டால்? இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும், உந்துசக்தி மட்டும் வராது.

இரண்டாவது, கால். புரொப்பெல்லர் விமானத்தில் சக்தியைக் கூட்டும்போதும் குறைக்கும்போதும் மூக்கு ஒரு பக்கமாகத் திரும்பப் பார்க்கும். அதை ரட்டர் பெடலை மிதித்துச் சரிசெய்ய வேண்டும். நவீன ஜெட்டில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் பல வேலைகளை இங்கே விமானியின் கால் பார்க்கிறது. ஏடிஆரில் வேகத்தைத் தானாகப் பிடித்து வைக்கும் ஆட்டோ த்ராட்டிலும் கிடையாது. அதனால் வேகத்தின்மேல் எப்போதும் ஒரு கண் இருந்துகொண்டே இருக்க வேண்டும்.

மூன்றாவது, வானிலை. ஜெட் 35,000 அடியில் மேகங்களுக்கு மேலே போய்விடும். ஏடிஆர் பறக்கும் உயரத்தில்தான் இறக்கையில் பனி படியும் மேகங்கள் அதிகம். ஜெட் அந்த உயரத்தைச் சில நிமிடங்களில் கடந்துவிடும். இதுவோ பயணம் முழுக்க அங்கேயே இருக்கலாம்.

சுவாரசியமான இன்னொரு விஷயம்: தரையில் நிற்கும்போது ஏசிக்கும் மின்சாரத்துக்கும் ஜெட் விமானங்களில் வாலில் தனியாக ஒரு சின்ன இன்ஜின் இருக்கும். ஏடிஆரில் அது இல்லை. வலது இன்ஜினை ஓடவிட்டு, அதன் புரொப்பெல்லரை மட்டும் பிரேக் போட்டு நிறுத்திவைப்பார்கள். இதற்கு 'ஹோட்டல் மோடு' என்று பெயர். நீங்கள் ஏறும்போது இன்ஜின் சத்தம் கேட்டும் காத்தாடி சுற்றாமல் இருந்தால், காரணம் இதுதான்.

நிஜ விமானத்திலேயே பழகினால் என்ன?

ஒரு காலத்தில் அப்படித்தான் பழகினார்கள். விலை அதிகம். பணத்தை மட்டும் சொல்லவில்லை.

1994 மார்ச் 8. டெல்லி விமான நிலையத்தில் சஹாரா இந்தியா ஏர்லைன்ஸின் போயிங் 737 ஒன்றில் பயிற்சி நடந்தது. பயணிகள் இல்லை. ஒரு இன்ஜின் போய்விட்டதுபோல் பாவித்துப் பறக்கும் பயிற்சியில், தவறான பக்க ரட்டர் மிதிக்கப்பட்டது. விமானம் கவிழ்ந்து, தரையில் நின்றிருந்த ஏரோஃப்ளாட் விமானத்தில் மோதியது. பயிற்சி விமானத்தில் இருந்த 4 பேரும் இறந்தார்கள், தரையில் இருந்தவர்களும் உயிரிழந்தார்கள். ஒத்திகைக்காகச் செய்த ஒன்று நிஜ விபத்தாக முடிந்தது.

சிமுலேட்டரில் இதே தவறைச் செய்தால் திரை உறைந்து நிற்கும். பயிற்றுநர் ஒரு பட்டனை அழுத்துவார். ரன்வேயின் தொடக்கத்துக்கே திரும்பி வந்துவிடுவீர்கள். 'சரி, இன்னொரு தடவை பார்ப்போம்.' சிமுலேட்டரின் முழுப் பயனும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிடுகிறது.

இந்த யோசனை புதிதல்ல. அமெரிக்காவில் ஆர்கன் இசைக்கருவி செய்யும் தொழிற்சாலை வைத்திருந்த குடும்பத்தைச் சேர்ந்த எட்வின் லிங்க், 1929 வாக்கில் காற்றுத் துருத்திகளை வைத்து அசையும் பயிற்சிப் பெட்டி ஒன்றை உருவாக்கினார். அப்போது அதைக் கேளிக்கைப் பொருளாகத்தான் பார்த்தார்கள். 1934-ல் அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் ஏற்றிச் செல்லும் வேலையை ஏற்று, மோசமான வானிலையில் அடுத்தடுத்து உயிரிழந்தார்கள். அதன் பிறகுதான் ராணுவம் லிங்க்கிடம் பெட்டி வாங்கியது.

பெட்டி எப்படி ஏமாற்றுகிறது?

விமானப் பயிற்சிக்கான சிமுலேட்டர்களில் மிக உயர்ந்த தரம் 'லெவல் டி'. வெளியே இருந்து பார்த்தால் ஆறு நீண்ட கால்களின்மேல் நிற்கும் வெள்ளைப் பெட்டி. உள்ளே போனால் அச்சு அசலாக அதே காக்பிட். அதே சுவிட்சுகள், அதே லீவர்கள், அதே சீட்டு. ஜன்னலுக்கு வெளியே ரன்வே, மழை, ஊர் விளக்குகள். மழைத்துளி கண்ணாடியில் அடிக்கும் சத்தம்கூட வரும்.

அசைவில்தான் தந்திரம் இருக்கிறது. டேக்-ஆஃப் செய்யும்போது முதுகு சீட்டில் அழுந்துமே, அந்த உணர்வை ஒரே இடத்தில் நிற்கும் பெட்டி எப்படித் தரும்? பெட்டி மெதுவாகப் பின்பக்கம் சாய்கிறது. புவியீர்ப்பு உங்களை சீட்டுக்குள் அழுத்துகிறது. அதே நேரம் திரையில் ரன்வே சமதளமாக, வேகமாகப் பின்னால் ஓடுகிறது. சாய்வதற்கும் வேகம் கூடுவதற்கும் உள்ள வித்தியாசத்தைக் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பால் பிரித்தறிய முடியாது. அதனால் கண் சொல்வதை மூளை நம்பிவிடுகிறது.

பயிற்சி எந்த வரிசையில் நடக்கும்?

நிறுவனத்துக்கு நிறுவனம் கொஞ்சம் மாறினாலும் படிகள் பொதுவாக இவைதான்:

• வகுப்பு: எரிபொருள், மின்சாரம், ஹைட்ராலிக்ஸ், பனி நீக்கம் என்று விமானத்தின் ஒவ்வொரு அமைப்பையும் படித்து எழுத்துத் தேர்வு எழுத வேண்டும்.

• அசையாத பயிற்சிக் கருவி: எந்த சுவிட்ச் எங்கே, எந்த வரிசையில் தொட வேண்டும் என்பதைக் கை மறக்காத அளவுக்குப் பழகுவது. வீட்டில் காக்பிட் போஸ்டரைச் சுவரில் ஒட்டி, நாற்காலியில் உட்கார்ந்து வெறும் கையால் பழகும் விமானிகளும் உண்டு.

• முழு சிமுலேட்டர்: ஒரு செஷன் பொதுவாக 4 மணி நேரம். இரண்டு பேர் ஜோடியாக வருவார்கள். பாதி நேரம் ஒருவர் ஓட்ட, மற்றவர் கண்காணிப்பார். பிறகு மாற்றிக்கொள்வார்கள். முன்னும் பின்னும் விளக்க வகுப்பு இருக்கும். நடுராத்திரியில்கூட செஷன் நடக்கும், ஏனென்றால் பல கோடி ரூபாய் மதிப்புள்ள சிமுலேட்டரைச் சும்மா வைக்க யாரும் விரும்புவதில்லை.

• திறன் தேர்வு: தேர்வாளர் முன்னால் சிமுலேட்டரிலேயே நடக்கும்.

• நிஜ விமானம்: அனுபவம் குறைந்தவர்கள் பயணிகள் இல்லாத நிஜ விமானத்தில் சில முறை ஏறி இறங்கிக் காட்ட வேண்டும். போதிய அனுபவம் உள்ளவர்களுக்குப் பல நாடுகளின் விதிகள் இதிலிருந்து விலக்கு தருகின்றன. அப்படிப்பட்டவர்கள் அந்த வகை விமானத்தை முதன்முதலாக நிஜத்தில் ஓட்டும்போதே பின்னால் பயணிகள் இருப்பார்கள். பக்கத்து சீட்டில் பயிற்றுநர் கேப்டன் இருப்பார்.

• மேற்பார்வையில் வழக்கமான சேவை: குறிப்பிட்ட எண்ணிக்கையில் பயணங்களை முடித்து, கடைசித் தேர்வில் தேறினால்தான் முழு அனுமதி.

அதிகம் பழகுவது எதை?

இன்ஜின் செயலிழப்பை. அதுவும் மிக மோசமான நொடியில்.

டேக்-ஆஃப் ஓட்டத்தில் 'வி1' என்று ஒரு வேகம் உண்டு. அதற்கு முன்னால் கோளாறு வந்தால் பிரேக் போட்டு நிறுத்தலாம். அதைத் தாண்டிவிட்டால் மேலே எழும்பியே ஆக வேண்டும், மிச்ச ரன்வே போதாது. ஏடிஆரில் அது மணிக்குச் சுமார் 200 கி.மீ. வேகத்தில் வரும். பயிற்றுநர் சரியாக அந்த நொடியில் ஒரு இன்ஜினை அணைப்பார்.

விமானத்தின் தானியங்கி அமைப்பு உடனே இரண்டு வேலை செய்யும்: நல்ல இன்ஜினின் சக்தியைக் கூட்டும், செத்த இன்ஜினின் புரொப்பெல்லரை ஃபெதர் செய்யும். விமானி ரட்டரை மிதித்து மூக்கை நேராக வைத்து, வேகத்தைக் காப்பாற்றி ஏற வேண்டும். அதற்கப்புறம்? கொஞ்ச உயரம் வரும்வரை வேறு எதையும் தொடக் கூடாது. இதுதான் பாடம். அவசரப்பட்டுக் கையை நீட்டும் பழக்கத்தை உடைப்பதற்கே பல செஷன்கள் தேவைப்படும்.

பிறகு எந்த இன்ஜின் என்று அடையாளம் காண்பது. ஒரு கால் பெடலை அழுத்திக்கொண்டிருக்கும், இன்னொரு கால் சும்மா இருக்கும். எந்தக் கால் சும்மா இருக்கிறதோ அந்தப் பக்க இன்ஜின்தான் போயிருக்கிறது. கருவிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒருவர் லீவரின்மேல் கை வைத்துச் சொல்ல, மற்றவர் பார்த்து உறுதி சொன்ன பிறகே லீவர் நகர வேண்டும்.

கேட்கும்போது, 'இவ்வளவு சின்ன விஷயத்துக்கா இத்தனை ஒத்திகை?' என்று தோன்றலாம்.

தைபே, 2015

2015 பிப்ரவரி 4. தைவானின் டிரான்ஸ்ஏசியா நிறுவனத்தின் ஏடிஆர் 72-600, தைபேயின் சோங்ஷான் விமான நிலையத்திலிருந்து 58 பேரோடு கிளம்பியது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. வலது புரொப்பெல்லர் தானாக ஃபெதர் ஆனது. இன்ஜின் நன்றாகத்தான் இருந்தது. ஒரு மின்னணுப் பெட்டியில் சால்டரிங் விரிசல் விட்டு, தவறான சிக்னல் போயிருந்தது.

இடது இன்ஜின் முழுமையாக வேலை செய்தது. அது ஒன்றே விமானத்தைக் காப்பாற்றப் போதும். ஆனால் கேப்டன் இடது லீவரைப் பின்னால் இழுத்தார். பிறகு அந்த இன்ஜினையே அணைத்தார். இப்போது இரண்டு பக்கமும் சக்தி இல்லை. தவறான பக்கத்தை இழுத்துவிட்டதை அவரே கடைசி நொடிகளில் உணர்ந்தது குரல் பதிவில் இருக்கிறது. விமானம் ஒரு மேம்பாலத்தை உரசி ஆற்றில் விழுந்தது. 43 பேர் இறந்தார்கள்.

விசாரணை அறிக்கையில் நம் விஷயத்துக்கு முக்கியமான ஒன்று இருக்கிறது. அந்த கேப்டன் 2014-ல் பதவி உயர்வுக்கான சிமுலேட்டர் தேர்வில் முதல் முறை தேறவில்லை. நடைமுறைகளை முழுமையாகச் செய்யவில்லை, பதற்றப்படுகிறார் என்பதுபோன்ற குறிப்புகள் பயிற்சிப் பதிவில் இருந்தன. இரண்டாம் முறை தேறினார். அதாவது, சிமுலேட்டர் தன் வேலையைச் செய்தது, பலவீனத்தைக் காட்டிக்கொடுத்தது. அதற்குப் பிறகு என்ன செய்வது என்பது மனிதர்கள் கையில் இருந்தது. விபத்துக்குப் பின் அந்த நிறுவனத்தின் மற்ற ஏடிஆர் விமானிகளைச் சோதித்தபோது, அவர்களிலும் சிலர் இன்ஜின் செயலிழப்பு நடைமுறைத் தேர்வில் தோற்றார்கள்.

பொக்ரா, 2023

2023 ஜனவரி 15. நேபாளத்தின் பொக்ராவில் அப்போதுதான் திறக்கப்பட்டிருந்த புதிய விமான நிலையத்தில் எட்டி ஏர்லைன்ஸின் ஏடிஆர் 72-500 இறங்கிக்கொண்டிருந்தது. அது ஒரு பழகுப் பயணமும்கூட: புதிய விமான நிலையத்துக்கு ஒரு கேப்டனைப் பழக்க, பக்கத்தில் பயிற்றுநர் கேப்டன். ஓட்டுபவர் ஃப்ளாப்பை இறக்கச் சொன்னார். பக்கத்தில் இருந்தவரின் கை, ஃப்ளாப் லீவருக்குப் பதிலாக இரண்டு கண்டிஷன் லீவர்களையும் ஃபெதர் நிலைக்கு இழுத்துவிட்டது. இன்ஜின்கள் ஓடிக்கொண்டே இருந்தன, புரொப்பெல்லர்கள் காற்றைத் தள்ளவில்லை. சக்தி வரவில்லை என்று சொன்னார்கள், ஆனால் காரணம் பிடிபடவில்லை. ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்தது. 72 பேரும் இறந்தார்கள். அதில் 5 பேர் இந்தியர்கள்.

அந்த ரன்வேயில் பார்வையை நம்பி இறங்குவதற்கு, சிமுலேட்டர் உட்பட உரிய பயிற்சி தரப்படவில்லை என்பதை விசாரணை அறிக்கை பங்களித்த காரணங்களில் ஒன்றாகச் சொன்னது.

பனியும் ஸ்டாலும்

இறக்கைமேல் பனி படிந்தால் அதன் வடிவம் மாறும், விமானத்தைத் தூக்கிப் பிடிக்கும் சக்தி குறையும். வேகம் மெல்ல மெல்லக் குறைந்து, ஒரு கட்டத்தில் இறக்கையைத் தழுவி ஓடும் காற்று பிரிந்துவிடும். இதுதான் 'ஸ்டால்'. இறக்கையின் முன்விளிம்பில் இருக்கும் ரப்பர் உறைகள் ஊதிப் பெருத்து பனியை உடைக்கும். ஆனாலும் வேகத்தைக் காப்பாற்ற வேண்டியதும், நிலைமை மோசமானால் அந்த உயரத்தைவிட்டு வெளியேற வேண்டியதும் விமானியின் பொறுப்பு. 1994-ல் அமெரிக்காவில் ரோஸ்லான் அருகே பனியில் சிக்கிய ஏடிஆர் 72 விழுந்து 68 பேர் இறந்தார்கள். 2024 ஆகஸ்டில் பிரேசிலின் வின்யேடோவில் விழுந்த ஏடிஆரில் 62 பேர் இறந்தார்கள். பனி படியும் சூழலில் பறந்ததையும், வேகம் குறைவதாக வந்த எச்சரிக்கைகளையும் முதற்கட்ட அறிக்கை பதிவு செய்திருக்கிறது.

ஸ்டால் நெருங்கினால் கையில் இருக்கும் கன்ட்ரோல் காலம் தடதடவென்று நடுங்கும். அப்போது மூக்கைக் கீழே இறக்க வேண்டும். ஆனால் கீழே விழப்போகிறோம் என்று தோன்றும்போது மனித இயல்பு மேலே இழுக்கத்தான் சொல்லும். 2009-ல் அமெரிக்காவின் பஃபலோ அருகே விழுந்த கியூ400 டர்போபிராப்பில் நடந்தது அதுதான். 50 பேர் இறந்தார்கள். அதற்குமுன் சிமுலேட்டர்களில் ஸ்டாலை நெருங்குவது வரைதான் பழக்குவார்கள். இந்த விபத்துக்குப் பிறகு அமெரிக்கா விதிகளை மாற்றி, முழு ஸ்டாலிலிருந்து மீள்வதையும் சிமுலேட்டரில் கட்டாயமாக்கியது. அதற்காக சிமுலேட்டர் மென்பொருளையே திருத்த வேண்டியிருந்தது.

அப்படியென்றால் சிமுலேட்டர் எல்லாம் சொல்லித் தருமா?

இல்லை. மூன்று குறைகள் எப்போதும் உண்டு.

ஒன்று, எதிர்பார்ப்பு. சிமுலேட்டருக்குள் போகும்போதே 'ஏதோ கெட்டுப்போகப் போகிறது' என்று விமானிக்குத் தெரியும். நிஜத்தில் நூற்றுக்கணக்கான சாதாரணப் பயணங்களுக்கு நடுவில் ஒரு நாள் அது வரும். இதனால்தான், ஒரே பட்டியலை வருடாவருடம் டிக் அடிக்காமல், எதிர்பாராத சூழல்களைக் கொடுத்து முடிவெடுக்கும் திறனைப் பார்க்கும் முறையை நோக்கி உலகம் நகர்கிறது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2013-ல் இதற்கான வழிகாட்டியை வெளியிட்டது.

இரண்டு, உயிர் பயம். பெட்டி எவ்வளவு ஆடினாலும், முடிந்ததும் டீ குடிக்கப் போகலாம் என்று மனசின் ஒரு மூலைக்குத் தெரியும்.

மூன்று, பெட்டியின் தகுதி. எந்தப் பயிற்சிக்கு எந்த சிமுலேட்டர் தகுதியானது என்று ஒழுங்குமுறை அமைப்பு சான்று தர வேண்டும். இந்தியாவில் அது டிஜிசிஏ. மலைகளுக்கு நடுவிலும் மேட்டின்மேலும் இருக்கும் சிக்கலான விமான நிலையங்களுக்கான பயிற்சியை, அதற்குத் தகுதி பெறாத சிமுலேட்டர்களில் நடத்தியதாக 2025 ஆகஸ்டில் இண்டிகோவுக்கு டிஜிசிஏ விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. இது வெறும் காகித விவகாரமா என்று கேட்டால், பொக்ரா அறிக்கையை மறுபடி படித்துப் பாருங்கள்.

ஒரு தடவை தேறிவிட்டால் போதுமா?

போதாது. இந்தியாவில் விமானி லைசன்ஸ் வாங்க 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், டைப் ரேட்டிங் அதற்கு மேல் தனி. பல இளைஞர்கள் பல லட்சம் ரூபாய் சொந்தப் பணத்தில், அல்லது கடனில்தான் இதைச் செய்கிறார்கள். அதன் பிறகும் ஓய்வு பெறும்வரை, குறிப்பிட்ட இடைவெளியில் மறுபடி மறுபடி சிமுலேட்டருக்குள் போய்த் தேர்வு எழுத வேண்டும். 20 வருட அனுபவம் உள்ள கேப்டனாக இருந்தாலும் விலக்கு இல்லை. தேறாவிட்டால், மீண்டும் பயிற்சி எடுத்துத் தேறும்வரை பறக்க முடியாது.

உங்கள் வேலையில் வருடாவருடம் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து, வேண்டுமென்றே எல்லாவற்றையும் கெடுத்துவிட்டு, 'இப்போ என்ன பண்ணுவீங்க?' என்று கேட்டால் எப்படி இருக்கும்? அவர்களுக்கு அது வேலையின் ஒரு பகுதி.

அடுத்த முறை அந்தச் சின்னப் படிக்கட்டில் ஏறும்போது காத்தாடியை ஒரு பார்வை பாருங்கள். முன்னால் உட்கார்ந்திருக்கும் இருவரும் அந்த இன்ஜினை எத்தனையோ தடவை செத்துப்போகப் பார்த்திருப்பார்கள். சில தடவை தப்பு செய்து, பெட்டிக்குள் விபத்தும் நடத்தியிருப்பார்கள். அந்தத் தவறுகளை அங்கேயே செய்து முடித்துவிட்டு வரவேண்டும் என்பதற்காகத்தான் அந்தப் பெட்டி.